கெட்ட செய்தியையும் கணக்கில் ஏற்றுவது எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், வெறும் வயிற்றில் எடுத்த என் இரத்தச் சர்க்கரை அளவு 118 என்று பரிசோதனைக்கூடத்துத் தாளில் வந்தபோது, என் மனம் உடனே தேடிப் பிடித்தது முந்தின நாள் இரவு சாப்பிட்ட கல்யாண விருந்தைத்தான். இலையில் விழுந்த ஜாங்கிரி, பதினொரு மணிக்குக் குடித்த பால், சரியாகத் தூங்காதது, இரத்தம் எடுத்த பெண் வேலைக்குப் புதியவராகத் தெரிந்தது என்று அந்த எண்ணை நம்பாமல் இருப்பதற்கான காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்று நாள் கழித்து வேறொரு கூடத்தில் மறுபடியும் இரத்தம் கொடுத்தேன். 104 என்று வந்தது. இந்த முறை நான் எதையும் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் பட்டினி இருந்தேன், முந்தின இரவு என்ன சாப்பிட்டேன், இந்தக் கூடம் எவ்வளவு நம்பகமானது என்ற யோசனை எதுவும் இல்லாமல், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து "ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது" என்று சொன்னேன். என் மனைவி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் நூறுக்கு மேலதானே இருக்கு?" என்று கேட்டாள். 70 முதல் 99 வரை இயல்பு என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

இரண்டு எண்களும் ஒரே உடம்பிலிருந்து, ஒரே வகைச் சோதனையில் வந்தவை. ஒன்றைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தேன். மற்றதை வாசலிலேயே வரவேற்று உட்காரவைத்தேன். உளவியலாளர்கள் ஆராயும் இந்தப் போக்கைத் தமிழில் நன்னம்பிக்கைச் சாய்வு என்று சொல்லலாம். எதிர்காலம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது அதன் ஒரு பகுதிதான். புதிய தகவல் கிடைக்கும்போது நம் பழைய கணிப்பைத் திருத்திக்கொள்கிறோம் அல்லவா, அந்தத் திருத்தம் நல்ல செய்திக்குத் தாராளமாகவும் கெட்ட செய்திக்குச் சிக்கனமாகவும் நடப்பதுதான் இங்கே நான் எடுத்துக்கொண்ட விஷயம். இதை அடியோடு ஒழிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எழுதி வைத்தால் அளந்து பார்க்கலாம். அளந்து பார்த்தபின், உடம்பும் பணமும் சம்பந்தப்பட்ட முடிவுகளிலாவது அதை ஈடுகட்டலாம். அதற்கு நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே முழுமையாகத் தருகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில், பிசகு நேரும் இடம்

1980-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் வைன்ஸ்டீன் 258 கல்லூரி மாணவர்களிடம், வாழ்க்கையில் நடக்கக்கூடிய 42 நிகழ்வுகளைச் சொல்லி, இவை உங்களுக்கு நடக்கும் வாய்ப்பு உங்கள் சக மாணவர்களைவிட அதிகமா குறைவா என்று கேட்டார். மொத்தமாகப் பார்த்தால், நல்லவை தங்களுக்கு அதிகமாகவும் கெட்டவை தங்களுக்குக் குறைவாகவும் நடக்கும் என்றே அவர்கள் கருதினார்கள். ஒரு வகுப்பில் எல்லோருமே சராசரியைவிட அதிர்ஷ்டசாலிகளாக இருக்க முடியாது. ஆகவே யாரோ சிலர், எவர் என்று தெரியாவிட்டாலும், தவறாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பது அந்த ஆய்விலேயே தெளிவாகிவிட்டது.

ஆனால் வாழ்க்கை தினமும் நம்மைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தவறு எப்படி நிலைக்கிறது? லண்டனில் டாலி ஷாரோட், கிறிஸ்டோஃப் கோர்ன், ரேமண்ட் டோலன் ஆகிய மூவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருந்த 19 பேரிடம் 80 கெட்ட நிகழ்வுகள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. இது உங்களுக்கு நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்டு, அவர்கள் ஓர் எண் சொன்னதும், அவர்களைப் போன்றவர்களுக்கு அது நடக்கும் பொதுவான விகிதத்தைக் காட்டினார்கள். பிறகு இரண்டாவது சுற்றில் அதே கேள்விகளை மறுபடியும் கேட்டார்கள். தான் நினைத்ததைவிட ஆபத்து குறைவு என்று அறிந்தவர்கள் தங்கள் எண்ணை நன்றாகக் குறைத்துக்கொண்டார்கள். ஆபத்து அதிகம் என்று அறிந்தபோதோ அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்ளவில்லை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த செய்தி வேறொன்று. காட்டப்பட்ட விகிதங்கள் நினைவிருக்கின்றனவா என்று கடைசியில் சோதித்தபோது, நல்ல எண்களையும் கெட்ட எண்களையும் அவர்கள் ஒரே அளவுக்குத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். கெட்ட செய்தி காதில் விழுந்திருக்கிறது, நினைவிலும் தங்கியிருக்கிறது. கணக்கில் மட்டும் ஏறவில்லை. ஆகவே "எனக்கு எல்லாம் தெரியும், படித்திருக்கிறேன்" என்பது இதற்கு மருந்தாகாது. எனக்கும் 100 என்ற வரம்பு அந்தத் தாளைப் பார்ப்பதற்கு முன்பே தெரியும்.

இந்த முறையின் அச்சாணியாக ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஷாரோட் தன் உரையில் சொல்லும் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் தனக்குப் புற்றுநோய் வர 50 சதவீதம் வாய்ப்பு என்கிறார். பொது விகிதம் 30 என்று காட்டியதும் 35-க்கு இறங்குகிறார். இடைவெளி 20, அவர் நகர்ந்தது 15. அதாவது முக்கால் வழி. இன்னொருவர் 10 என்கிறார். அதே 30-ஐக் காட்டியதும் 11 என்கிறார். இடைவெளி அதே 20, நகர்ந்தது 1. இருபதில் ஒரு பங்கு வழி. உங்கள் கணிப்புக்கும் வந்த தகவலுக்கும் நடுவே உள்ள தூரத்தில் எவ்வளவு நடந்தீர்கள் என்பதுதான் நாம் அளக்கப் போவது. அதை நடை அளவு என்று அழைக்கிறேன்.

நோட்டில் கோடு போடுதல்

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். மேலே தேதி, விஷயம். அதன்கீழ் உங்கள் கணிப்பு, எண்ணாக. "சீக்கிரம் முடிந்துவிடும்", "பெரிய செலவு ஆகாது" என்று எழுதினால் பிறகு எந்த முடிவு வந்தாலும் அதற்கு ஏற்றாற்போல் அந்தச் சொற்களை வளைத்துக்கொள்ளலாம். 8 மாதம், 3.2 லட்சம், 20 சதவீதம் என்று எழுதினால் வளைக்க முடியாது. எண் சரியாக வரவில்லையே என்று தயங்க வேண்டாம்; தோராயமான எண்ணும் எண்தான்.

அடுத்து, உங்கள் நிலை மற்றவர்களிடமிருந்து வேறுபடுவதற்கான காரணங்கள் ஏதாவது இருந்தால் இப்போதே எழுத வேண்டும். சிகரெட்டைத் தொட்டதே இல்லாதவர் நுரையீரல் புற்றுநோய்க்கான தன் வாய்ப்பைப் பொதுச் சராசரிக்குக் கீழே வைப்பது முற்றிலும் நியாயம். ஆனால் தகவல் வந்தபின் இந்த இடத்தில் எதையும் சேர்க்கக் கூடாது. தகவல் வந்தபின் பிறக்கும் காரணங்களுக்குப் பக்கத்தின் கீழே தனி இடம் வைத்து, அதற்குப் "பின்னால் வந்தவை" என்று தலைப்பிடுங்கள். சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், கெட்ட செய்தி வந்த பக்கங்களில் அந்த இடம் நிரம்பியும் நல்ல செய்தி வந்த பக்கங்களில் வெறுமையாகவும் இருப்பதைக் காண்பீர்கள். என் நோட்டில் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவதாக, யாரிடம் கேட்கப் போகிறீர்கள், எந்தச் சோதனை, எத்தனை முறை என்பதைக் கேட்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். இதில்தான் அதிகமாகக் கோட்டை விடுகிறோம். 1992-இல் பீட்டர் டிட்டோவும் டேவிட் லோபஸும் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. உடலில் ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லி, பங்கேற்றவர்களின் கையில் மஞ்சள் தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதை உமிழ்நீரில் நனைக்கச் சொன்னார்கள். நிறம் மாறினால் நலம் என்று சிலருக்கும், நிறம் மாறினால் குறைபாடு என்று சிலருக்கும் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அது நிறமே மாறாத சாதாரணத் தாள். மாறாவிட்டால் நலம் என்று நம்பியவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முடிந்தது என்று வைத்துவிட்டார்கள். மாறாவிட்டால் குறைபாடு என்று நம்பியவர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள். தாளை மறுபடி நனைத்துப் பார்ப்பதும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. கையில் இருந்தது என்னவோ ஒரே தாள்தான்.

நான் செய்ததும் அதே வேலைதான். 118-க்கு மறுசோதனை உண்டு, 104-க்கு இல்லை என்று வைத்துக்கொண்டால், எத்தனை சோதனை எடுத்தாலும் கடைசியில் என் கையில் மிஞ்சுவது எனக்குப் பிடித்த எண்ணாகவே இருக்கும். இப்போது என் நோட்டில் இருக்கும் விதி இது: மறுசோதனை எடுப்பதென்றால் எந்த எண் வந்தாலும் எடுப்பேன், இரண்டின் சராசரியைத்தான் எழுதுவேன். முடிந்தால், சாக்குச் சொல்ல இடம் குறைவாக இருக்கும் சோதனையைத் தேர்ந்தெடுங்கள். ஹெச்பிஏ1சி என்ற இரத்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரைச் சராசரியைக் காட்டுவது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் அது சாத்தியமாகிறது. முந்தின இரவின் ஜாங்கிரியைக் காட்டி அதனுடன் வாதாட முடியாது. அதை எடுக்கப் போகும் முன் நான் எழுதிய கணிப்பு 5.6. கூடவே, 5.7-க்குக் கீழ் வந்தால் ஓர் ஆண்டு கழித்து மறுபடி எடுப்பேன், 5.7 முதல் 6.4 வரை வந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார்ப்பேன் என்றும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். வந்தது 6.1. மருத்துவரிடம் போக நேரம் குறிக்கும்போது என் மனம் மறுபடியும் காரணங்களை எடுத்துக்கொண்டு வந்தது. ஆனால் என் கையெழுத்து அதற்கு முந்தியிருந்தது.

ஒரு வீடு, நான்கு வீடுகள்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்ற பழமொழி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தும் கணக்கில் ஏறாத செய்திக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு வீடு கட்டத் தொடங்கியபோது நோட்டில் நான் எழுதிய கணிப்பு 8 மாதம். அண்மையில் எங்கள் ஊரில் ஏறக்குறைய அதே அளவில் வீடு கட்டிய நான்கு உறவினர்களைக் கேட்பேன் என்றும் முன்கூட்டியே எழுதினேன். அவர்கள் சொன்ன பதில்கள் 11, 13, 14, 16 மாதங்கள். சராசரி பதிமூன்றரை. இடைவெளி ஐந்தரை மாதம். அன்று மாலை நான் திருத்தி எழுதிய எண் 9. நடை அளவு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஏன் அவ்வளவுதான் நகர்ந்தேன் என்பது "பின்னால் வந்தவை" பகுதியில் என் கையாலேயே எழுதியிருக்கிறது. சித்தப்பா வீட்டுக்குத் தாமதம் ஆனது நடுவில் பாட்டி தவறியதால். மைத்துனருக்கு வங்கிக் கடனின் இரண்டாம் தவணை வரத் தாமதம். மூன்றாமவர் மாடிப்படியை இடித்துக் கட்டினார். நான்காமவருடைய வீட்டில் ஆழ்துளைக் கிணறு கைகொடுக்கவில்லை. இவை எதுவும் எனக்கு இல்லை, ஆகவே அந்த மாதங்களைக் கழித்துவிடலாம் என்பது என் வாதம். இதை அப்படியே எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது: "சார், நாலு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு காரணம் இருந்துச்சுல்ல? நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வரும். அது எதுன்னு மட்டுந்தான் இப்பத் தெரியல."

வந்தது. ஆசாரி தன் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனதில் கதவு வேலை ஏழு வாரம் நின்றது. அவர் திரும்பி வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீடு முடிய 13 மாதம் ஆயிற்று.

மேஸ்திரி வாயால் கேட்டதை ஆய்வாளர்கள் எண்ணாகவே காட்டியிருக்கிறார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே எவ்வளவு மோசமாகப் போக முடியுமோ அவ்வளவு மோசமாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். தங்களுடைய மோசமான கற்பனையையும் அவர்கள் தாண்டியிருந்தார்கள். பழைய தாமதங்களை மனிதர்கள் எப்படி விளக்குகிறார்கள் என்பதையும் அதே ஆய்வு பார்த்தது: வெளியிலிருந்து வந்தது, அந்த ஒரு முறைக்கு மட்டும் உரியது, திரும்ப வராது என்று. சிட்னி இசை நாடக அரங்கத்துக்கு 1957-இல் போட்ட கணக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963-இல் முடியும் என்பது; 1973-இல் திறந்தபோது செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். பிரிட்டன் அரசின் நிதித்துறை, திட்டங்களை மதிப்பிடும்போது இந்தச் சாய்வுக்கென்றே செலவையும் காலத்தையும் கூட்டி எழுதும்படி தன் வழிகாட்டு நெறிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே காலமும் செலவும் சம்பந்தப்பட்ட பதிவுகளில் நான் பின்பற்றும் விதி: உங்கள் வேலையைப் போன்ற, முடிந்துபோன வேலைகள் நான்கைந்தின் உண்மையான எண்ணை வாங்குங்கள்; அவற்றின் சராசரியில் தொடங்குங்கள்; அதிலிருந்து விலக வேண்டுமென்றால், முன்கூட்டி எழுதிய காரணத்துக்காக மட்டும் விலகுங்கள். அவரவர் தாமதத்துக்கான காரணத்தைக் கேட்க வேண்டாம். கேட்டால் நாம் கழிக்கத் தொடங்கிவிடுவோம்.

அதே வாரத்தில் எழுதிய இன்னொரு பக்கத்தையும் காட்ட வேண்டும். தரைக்கு டைல்ஸ் பதிக்க 3.2 லட்சம் ஆகும் என்று எழுதியிருந்தேன். விசாரித்த மூன்று இடங்களின் சராசரி 2.6 லட்சம். அன்றே 2.7 என்று திருத்தினேன். ஆறில் ஐந்து பங்கு வழியை ஒரே எட்டில் நடந்திருக்கிறேன். பின்னால் வந்த காரணம் ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த மூவரில் ஒருவருடைய வீடு என் வீட்டைவிடச் சிறியது என்பதுகூட அப்போது என் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் செலவு 3 லட்சத்தைத் தொட்டது. மாதக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு நகராதவனும், டைல்ஸ் கணக்கில் ஆறில் ஐந்து பங்கு நகர்ந்தவனும் ஒரே ஆள், ஒரே வாரத்தில்.

இருபது பக்கம் ஆனபின்

ஒரு பக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். இருபது பதிவுகள் சேர்ந்தபின், எதிர்பார்த்ததைவிட நல்ல தகவல் வந்த பக்கங்களைத் தனியாகவும் கெட்ட தகவல் வந்த பக்கங்களைத் தனியாகவும் பிரித்து, இரண்டு குவியலுக்கும் நடை அளவின் சராசரியை எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், நீங்கள் பழைய கருத்தை எளிதில் விடாதவராகவோ எளிதில் விடுபவராகவோ இருக்கலாம். சாய்வு உள்ளவர் என்று சொல்ல இடமில்லை. நல்ல குவியலில் 70 சதவீதமும் கெட்ட குவியலில் 25 சதவீதமும் வந்தால் அது கவனிக்க வேண்டிய வேறுபாடு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஆய்வின் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னவனாவேன். புனித் ஷா, ஆடம் ஹாரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் இந்தச் சோதனை முறையையே கேள்வி கேட்டார்கள். ஷாரோட் குழுவினர் கேட்டவை பெரும்பாலும் குறைவாக நடக்கும் கெட்ட நிகழ்வுகள். அப்படிப்பட்ட நிகழ்வுகளில், எந்தச் சாய்வும் இல்லாமல் நிகழ்தகவு விதிப்படி திருத்திக்கொள்ளும் ஒருவரிடமும் நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் வெவ்வேறு அளவு நகர்வு தோன்றக்கூடும் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். நல்ல நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டபோது, அதே முறை எதிர்த்திசையில் அவநம்பிக்கை இருப்பதுபோலக் காட்டியது. ஷாரோட் தரப்பு அந்த விமர்சனத்துக்குப் பதில் தந்தது. திருத்திய கணக்கிலும் சாய்வு தெரிகிறது என்பது அவர்கள் வாதம். இந்த விவாதத்தில் யார் பக்கம் நின்றாலும், நம் நோட்டுக்கு இதிலிருந்து இரண்டு மாற்றங்கள் கிடைக்கின்றன. ஒன்று, நோய், விபத்து, நட்டம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல் நல்ல நிகழ்வுகளையும் பதியுங்கள்: பதவி உயர்வு, மகளின் தேர்வு மதிப்பெண், பழைய வண்டிக்குக் கிடைக்கும் விலை. இரண்டு, மிக அரிதான விஷயங்களை நடை அளவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாதிக்குப் பாதி நடக்கலாம் என்ற வகையிலான விஷயங்களும், மாதம், ரூபாய், கிலோ என்று அளக்கக்கூடிய விஷயங்களுமே உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

வேறுபாடு உறுதியானபின் திருத்தம் எளிது. கெட்ட செய்தி வரும்போது, திருத்திய எண்ணை மனம் போன போக்கில் எழுதாமல், உங்கள் நல்ல குவியலின் சராசரி நடை அளவையே இதற்கும் போட்டு எழுதுங்கள். நல்ல செய்திக்கு வழக்கமாக 70 சதவீத வழி நடப்பவர், கெட்ட செய்திக்கும் அதே 70 நடக்க வேண்டும். என் வீட்டுக் கணக்கில் அதைப் போட்டிருந்தால் 9 என்ற இடத்தில் ஏறக்குறைய 12 என்று எழுதியிருப்பேன். ஒரு மாத வித்தியாசத்தில் சரியாக வந்திருக்கும். வாடகை வீட்டுக்காரரிடம் ஒன்பதாம் மாதம் காலி செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.

நோட்டைத் திறக்கும் நேரம்

சார்ல்ஸ் டார்வின் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்த ஒரு விதியைத் தன் வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தன் முடிவுகளுக்கு எதிரான ஓர் உண்மையோ எண்ணமோ கண்ணில் பட்டால் அதை அப்போதே தவறாமல் எழுதி வைத்துவிடுவாராம். சாதகமானவற்றைவிட அவைதாம் விரைவில் நினைவைவிட்டு நழுவுகின்றன என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார். கெட்ட எண்களும் நினைவிலிருந்தன என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். அந்தச் சோதனையில் நினைவைச் சோதித்தது உடனே. டார்வின் பேசுவது ஆண்டுக்கணக்கில். இரண்டுக்கும் சேர்த்து நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கெட்ட செய்தியை அன்றிரவு எழுதலாம் என்று தள்ளாமல், வந்த இடத்திலேயே, கைபேசியிலாவது குறித்துக்கொள்வது.

எழுதும்போது உங்கள் மனநிலையையும் ஒரு சொல்லில் குறியுங்கள். 2018-இல் நீல் காரெட்டும் ஷாரோட் உள்ளிட்ட ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், திடீரென்று பலர் முன்னிலையில் பேச வேண்டும் என்று சொல்லிப் பதற்றமூட்டப்பட்டவர்களிடமும், அமெரிக்காவின் கொலராடோவில் பணியில் இருந்த தீயணைப்பு வீரர்களில் அதிகப் பதற்றத்தில் இருந்தவர்களிடமும் இந்தச் சாய்வு காணப்படவில்லை. அச்சுறுத்தலை உணரும்போது கெட்ட செய்தியும் உள்ளே இறங்குகிறது. தெருவில் யாருக்காவது மாரடைப்பு வந்த வாரத்தில் அண்டை வீட்டார் எல்லோரும் நடைப்பயிற்சிக்குக் கிளம்புவதும், மூன்றாம் வாரத்தில் தெரு மறுபடி காலியாவதும் நாம் பார்ப்பதுதானே. அந்த ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். நடப்பேன் என்று நினைப்பதைவிட, முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது, காப்பீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்புவது, விடியற்காலையில் கூப்பிட வரும்படி நண்பரிடம் சொல்லி வைப்பது போன்று, பயம் தணிந்தபின்னும் தானாக நடக்கும் ஏற்பாடுகளைச் செய்துவிடுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய பயிற்சி இல்லை இது. மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டவர்களிடம் இதே சோதனையைச் செய்தபோது, நல்ல செய்திப் பக்கம் சாயும் அந்தப் போக்கு அவர்களிடம் இல்லை என்று கோர்ன் உள்ளிட்டோர் 2014-இல் கண்டார்கள். நோய்க்குறிகள் அதிகமாக இருந்தவர்கள் கெட்ட செய்திப் பக்கமே சாய்ந்தார்கள். ஆகவே நன்னம்பிக்கைச் சாய்வு மனத்துக்கு ஓரளவு காப்பாகவும் இருக்கிறது என்று எண்ண இடமிருக்கிறது. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எல்லாம் நம்மால்தான் கெட்டது என்ற எண்ணம் வாரக்கணக்கில் நீடிக்கும் காலத்தில் இந்த நோட்டைத் திறக்க வேண்டாம். அப்போது தேவை மருத்துவரின் துணை. உடல்நலமுள்ள நாள்களிலும் எல்லா விஷயத்தையும் இதில் கொண்டுவர வேண்டியதில்லை. பிள்ளையின் கல்யாணம் நன்றாக அமையுமா, நண்பன் தொடங்கும் கடை நிலைக்குமா என்பதற்கெல்லாம் சதவீதம் எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. தவறினால் உடம்பையோ சேமிப்பையோ இழக்கும் முடிவுகளுக்கு மட்டும் ஒதுக்கினால், மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களே ஆகும்.

வீட்டில் ஒருவர் உங்களோடு சேர்ந்து எழுத முடியுமானால் இன்னும் நல்லது. ஒருவர் கணிப்பை மற்றவர் பார்க்காமல், தனித்தனித் தாளில் எழுதி, தகவல் வந்தபின் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நம் விஷயத்தில் நாம் கழிக்கும் காரணங்களை எதிரில் இருப்பவர் கழிப்பதில்லை. அடுத்த ஹெச்பிஏ1சி சோதனைக்கு வரும் திங்கட்கிழமை போக வேண்டும். என் பக்கத்தில் 5.8 என்று எழுதியிருக்கிறேன். மனைவியின் தாள் நான்காக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. முடிவு வரும்வரை நான் அதைத் தொடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.